ரிச்மண்ட் 2025: ஏழு சிறுவர்களையும் ஒரே நேரத்தில் களமிறக்கலாமா?

பன்ட்ரோடு_மாறன்
2 டிசம்பர் 2024, இரவு 9.14

ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்) டிராஃப்ட், அதாவது கிளப்புகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, முடிந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. அந்த இரண்டு இரவுகளின் பரபரப்பு அடங்கிவிட்டது. இனி நிதானமாகப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2024இல் 23 ஆட்டங்களில் 2 வெற்றி. சிட்னியை எம்சிஜியில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) 5 புள்ளிகளில் வென்றோம். அடிலெய்டை அவர்கள் ஊரிலேயே வென்றோம். மற்ற 21 ஆட்டங்களிலும் தோல்வி, கடைசி இடம், அதற்கான கேலிப் பட்டமான மரக்கரண்டி. டஸ்டின் மார்ட்டின் 302 ஆட்டங்களோடு விடைபெற்றார். கிரைம்ஸும் பிக்கெட்டும் ஓய்வு பெற்றார்கள். அந்தப் புண் ஆறுவதற்குள் டேனியல் ரியோலி கோல்டு கோஸ்டுக்கும், ஷாய் போல்டன் ஃப்ரீமேன்டிலுக்கும், லியம் பேக்கரும் ஜாக் கிரஹமும் வெஸ்ட் கோஸ்டுக்கும் போய்விட்டார்கள். ரியோலி இந்த ஆண்டு ஜாக் டயர் பதக்கம் பெற்றவர். அணியின் மிகச் சிறந்த வீரர் என்று நாமே பதக்கம் கொடுத்தவரை அதே மாதத்தில் அனுப்பிவைத்தோம்.

அதற்கு ஈடாகக் கையில் வந்தது, முதல் 24 தேர்வுகளில் 8. ஒன்றை நார்த் மெல்போர்னுக்குக் கொடுத்து, டிராஃப்ட் இரவில் மற்றவற்றின் எண்கள் சற்றுப் பின்னே தள்ளிப்போன பிறகு வந்து சேர்ந்தவர்கள்: முதல் தேர்வில் சாம் லேலர், 7இல் ஜோஷ் ஸ்மைலி, 12இல் தாஜ் ஹாட்டன், 14இல் ஜான்டி ஃபால், 21இல் லூக் ட்ரெய்னர், 23இல் ஹாரி ஆர்ம்ஸ்ட்ராங், 28இல் டாம் சிம்ஸ். ஏழு பேருக்கும் பதினெட்டு வயதையொட்டித்தான் இருக்கும்.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: "எல்லோரையும் உள்ளே போடுங்கள், எப்படியும் தோற்கத்தானே போகிறோம்." இந்தப் பேச்சு எனக்கு அச்சம் தருகிறது. 2004இல் நான் இங்கேயே இருந்தேன். அப்போதும் கடைசி இடம்தான். முதல் 20 தேர்வுகளில் 5 நம் கையில் இருந்தன: 1, 4, 12, 16, 20. டெலிடியோ, டாம்பிளிங், மேயர், பாட்டிசன், போலோ. விடிவு வந்துவிட்டது என்று நம்பினோம். 2007இல் மறுபடியும் கடைசி இடம். நாலாவதாக நாம் டாம்பிளிங்கை எடுக்க, ஐந்தாவதாக ஹாதோர்ன் எடுத்தவர் பிராங்க்ளின். ஹாதோர்ன் 2008இலேயே கோப்பையைத் தூக்கியது.

தவறான ஆளை எடுத்ததுதான் பிழை என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அந்தப் பையன்கள் வந்து சேர்ந்த இடத்தில் அவர்களுக்குத் தோள் கொடுக்க ஆளில்லை என்பது மீதி. பதினெட்டு வயதுப் பையன் பக்கத்தில் ஒரு முழு வளர்ந்த ஆள் நிற்க வேண்டும். எங்கே ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், அடி வாங்கி எழுவது எப்படி என்று ஆட்டம் நடக்கும்போதே காதில் சொல்ல ஒரு குரல் வேண்டும். ஆகவே என் கருத்து இதுதான்: எந்த வாரத்திலும் முதலாண்டுப் பையன்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். விளாஸ்டின், ஷார்ட், பிராட், நன்கர்விஸ், பிரெஸ்டியா ஆகியோர் உடலில் தெம்பு இருக்கும் வரை ஆடட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேண்டும்.

இளம்புலி
2 டிசம்பர் 2024, இரவு 10.02

மாறன் அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 2004ஐ மட்டும் எடுத்து 2010ஐ விட்டுவிட்டீர்கள்.

ஹார்ட்விக் பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. முதல் ஒன்பது ஆட்டங்களும் தோல்வி. அவர் அஞ்சிப் பின்வாங்கினாரா? முந்தைய டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்த பையனை முதல் சுற்றிலேயே கார்ல்டனுக்கு எதிராக இறக்கினார். அந்தப் பையன்தான் டஸ்டின் மார்ட்டின். அதே ஆண்டில் ஜாக் ரீவோல்ட் 78 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் வாங்கினார். ஒன்பது தோல்விகளுக்குப் பின் அதே இளைஞர்களைக் கொண்டு ஆறு ஆட்டங்களை வென்றார்கள்.

விளாஸ்டினுக்கு 30 வயது, பிராடுக்கு 31, பிரெஸ்டியாவுக்கும் லிஞ்சுக்கும் 32. இந்த அணி அடுத்து இறுதிச் சுற்றுக்குப் போகும்போது இவர்களில் யார் இருப்பார்கள்? இருக்கப்போகாதவர்களுக்கு 23 ஆட்டங்களைக் கொடுத்துவிட்டு, இருக்கப்போகிறவர்களை விஎஃப்எல்லில் (ஏஎஃப்எல்லுக்கு அடுத்த நிலை லீக்) உட்கார வைப்பதில் என்ன நியாயம்?

எம்சிஜி_நளினி
3 டிசம்பர் 2024, காலை 7.40

தம்பி இளம்புலி, 2010இல் டஸ்டி தனியாகவா நின்றார்? நடுக்களத்தில் டக், ஜாக்சன் போன்றவர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். பெரிய வெற்றிகள் பெற்றவர்கள் அல்லர்தான். ஆனால் உடலால் முதிர்ந்தவர்கள். எதிராளியின் கடுமையான ஆள் அவர்களைத்தான் தேடிப் போவான். பையனுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

பின்வரிசையைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், அதுதான் எனக்குத் தெரியும். முதியவர்களை எங்கே வைத்தாலும் வைக்காவிட்டாலும் அங்கே வைத்தே ஆக வேண்டும். முன்வரிசையில் ஒரு பையன் தவறினால் ஒரு கோல் நழுவும், அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருவன் தவறினால் ஆறு பேரின் இடமும் குலைந்துவிடும். விளாஸ்டின் இருக்கும் ஆட்டத்தில் அவர் கையைப் பாருங்கள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதே ஆள்களை நகர்த்திக்கொண்டே இருப்பார். தொலைக்காட்சியில் அது தெரியாது, இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கிரைம்ஸ் போய்விட்ட நிலையில் அந்த வேலையைச் செய்ய அவரையும் பிராடையும் விட்டால் வேறு ஆளில்லை.

2017 இறுதிப்போட்டியில் ஆடிய 22 பேரில் இன்னும் நம்மிடம் இருப்பவர்கள் ஐந்தே பேர்: விளாஸ்டின், பிராட், நன்கர்விஸ், பிரெஸ்டியா, மெக்கின்டோஷ். இந்த ஐவரும் போவதற்குள் அவர்கள் மூளையில் இருப்பது அந்த ஏழு பேருக்கும் போய்ச் சேர வேண்டும். விஎஃப்எல்லில் தனியாக ஆடினால் அது எப்படிச் சேரும்? அந்த அளவுக்கு நான் இளம்புலியின் பக்கம்தான். ஆனால் ஐவரையும் வெளியே உட்கார வைத்துவிட்டுப் பையன்களை மட்டும் இறக்கினாலும் அது போய்ச் சேராது.

புது_உறுப்பினர்_கண்ணன்
3 டிசம்பர் 2024, காலை 11.25

வணக்கம். மெல்போர்னுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. அலுவலகத்தில் எல்லோரும் ரிச்மண்ட் என்பதால் நானும் ரிச்மண்ட். அடிப்படையான கேள்விதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ரியோலிக்கும் போல்டனுக்கும் ஒப்பந்தம் மீதமிருந்தது என்று படித்தேன். பிறகு ஏன் விட்டார்கள்? கிரிக்கெட்டில் ஏலத்துக்கு வெளியே இப்படி நடப்பதை நான் பார்த்ததில்லை.

சம்பளப்பட்டியல்
3 டிசம்பர் 2024, மதியம் 1.10

கண்ணன், நல்ல கேள்வி. ஏஎஃப்எல்லில் ஒரு கிளப் நினைத்த வீரரைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. எல்லாக் கிளப்புகளுக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். கைமாறுவது வீரர்களும் டிராஃப்ட் தேர்வுகளும் மட்டுமே. ரியோலி, நம் பழைய பயிற்சியாளரும் இப்போது கோல்டு கோஸ்டின் பயிற்சியாளருமான ஹார்ட்விக்கிடம் போக விரும்பினார். போல்டனும் பேக்கரும் சொந்த மாநிலமான மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் திரும்ப விரும்பினார்கள். விருப்பமில்லாதவரைப் பிடித்து வைத்து 17ஆவது இடத்துக்குப் போவதைவிட, விலை உச்சத்தில் இருக்கும்போதே விடுவது மேல். ரியோலிக்கு 6ஆம் தேர்வு கிடைத்தது. போல்டனை அனுப்பியதில் 10, 11, 18 மூன்றும் வந்தன, நம் 14ஐயும் சேர்த்துக் கொடுத்தோம். அந்த 14ஏ பேக்கரை அனுப்பியதில் வந்ததுதான். இதைவிட நல்ல விலை எனக்கு நினைவில் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் இரவில் நார்த் மெல்போர்ன் தன் 2025ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வை நமக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றில் நமக்கு இரண்டு. அடுத்த ஆண்டு நார்த் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் நமக்கும் முக்கியம்.

பாலரட்_ரவி
3 டிசம்பர் 2024, இரவு 8.31

லேலரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பாலரட்டில் இருக்கிறேன். ரெபல்ஸ் இளையோர் அணி இங்கே மார்ஸ் ஸ்டேடியத்தில் ஆடும்போது போய்ப் பார்ப்பது வழக்கம். லேலர், ஃபால் இருவரும் அந்த அணியில் வளர்ந்தவர்கள்.

லேலர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும்போது எதிராளி பிடிக்க வந்தால், நீட்டிய கையால் அவன் மார்பில் ஒரு தள்ளு தள்ளுவான். அந்த ஒரு காட்சிக்காகவே எல்லோரும் அவனை டஸ்டியோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை மூன்று முறை வாங்கிய ஒருவரின் நிழலைப் பதினெட்டு வயதுப் பையன் தலையில் ஏற்றுவது கொடுமை. எனக்கு அவனிடம் பிடித்தது வேறொன்று. முன்வரிசைக்கு அனுப்பினால் உயரமான ஆளைப் போலத் தாவிப் பந்தைக் காற்றிலேயே பிடிப்பான் (மார்க்), நடுவட்டத்துக்கு அனுப்பினால் காலடியில் கிடக்கும் பந்தை முதலில் எடுப்பவனும் அவன்தான். இரண்டையும் ஒருவரே செய்யும்போது பயிற்சியாளருக்கு வேலை எளிதாகிறது. முதலாண்டில் முக்கால் பங்கு நேரம் முன்வரிசை, கால் பங்கு நடுக்களம் என்று வைத்தால் அடி குறையும், கற்பது கூடும்.

ஃபாலுக்கு நேரம் வேண்டும். உயரமான முன்வரிசை வீரர்கள் எப்போதுமே மெதுவாகத்தான் விளைவார்கள். கார்ல்டன் 2015இல் மெக்கேயையும் கர்னோவையும் எடுத்தது. அவர்கள் இருவரும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்த எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுகந்தன்_பிசியோ
3 டிசம்பர் 2024, இரவு 10.48

தொழில் காரணமாக நான் உடல்களைத்தான் பார்ப்பேன். இந்த ஏழு பேரின் பட்டியலை அந்தக் கண்ணோடு படித்தால் இளம்புலியின் ஆசைக்கு விடை கிடைத்துவிடுகிறது.

ஹாட்டனுக்கு இந்த ஆண்டுத் தொடக்கத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவரை ஆண்டின் நடுப்பகுதிக்கு முன் எதிர்பார்க்கவே கூடாது. லேலர் 2024இல் காயங்களால் மிகச் சில ஆட்டங்களே ஆடினார். ஃபாலுக்கு முதுகில் பிரச்சினை இருந்தது. ட்ரெய்னர் தலையில் பட்ட அடியால் பருவத்தின் ஒரு பகுதியை இழந்தார். ஏழில் நான்கு பேர் முழுப் பருவம் ஆடாமலே நம்மிடம் வந்திருக்கிறார்கள். எழுபது கிலோவும் எண்பது கிலோவுமாக இருக்கும் பையன்கள் பள்ளிப் போட்டியிலிருந்து நேரடியாக ஏஎஃப்எல் ஓட்டத்துக்கு மாறும்போது, ஓடும் தூரத்தைவிட வேகம் எடுத்து நிற்பதும் திரும்ப எடுப்பதும்தான் தொடைப் பின்தசையைக் கிழிக்கும். தலையில் அடிபட்டவருக்கு விதிப்படி குறைந்தது 12 நாள் ஓய்வு, அதாவது அடுத்த வாரம் ஆட்டமே கிடையாது.

நம் கிளப்பிலேயே பாடம் இருக்கிறது. ஜோஷ் கிப்கஸ் 2021இல் ஒன்பதாம் தேர்வு. 2022இல் பதினெட்டு ஆட்டம் ஆடினார், எவ்வளவு அழகாக ஆடினார்! 2023 முழுவதும் தொடைக் காயத்தில் போயிற்று. 2024இல் திரும்பி வந்ததும் முழங்கால் போயிற்று. முதலாண்டுச் சுமைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் அடுத்தவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இளம்புலி
4 டிசம்பர் 2024, காலை 6.55

சுகந்தன் அண்ணா சொல்வதை ஏற்கிறேன். ஹாட்டனையும் ஃபாலையும் விட்டுவிடுங்கள். ஆனால் ஸ்மைலி? சுமார் 195 செ.மீ. உயரம், நடுக்கள வீரர். அந்த உடல் இன்றைக்கே பெரியவர்களின் உடல்தான். அவரை ஏன் தடுக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஏழு பேரைவிட அதிக வருத்தம் 2021ஆம் ஆண்டுப் பையன்கள் மீதுதான். கிப்கஸ், டாம் பிரவுன், டைலர் சான்சி, சாம் பேங்க்ஸ், ஜட்சன் கிளார்க். மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. சான்சி எப்போது அணிக்குள் இருக்கிறார், எப்போது வெளியே இருக்கிறார் என்று அவருக்கே தெரியாத நிலை. ஒரு வாரம் அரைமுன்வரிசை, அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரர், அதற்கடுத்த வாரம் விஎஃப்எல். ஒருவரை வளர்ப்பதென்றால் அவருக்கு ஓர் இடத்தைக் கொடுத்து ஆறு வாரமாவது விட்டுவைக்க வேண்டும். தாம்சன் டாவ் விஷயத்திலும் இதே கதைதான். புதியவர்களுக்கும் அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் கோபத்தின் அடி.

பன்ட்ரோடு_மாறன்
4 டிசம்பர் 2024, மாலை 6.20

தம்பி, கடைசிப் பத்தியில் நீங்கள் எழுதியதைப் படித்தபோது நாம் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது. ஒருவரை இறக்கினால் நிலையாக இறக்க வேண்டும். அதனால்தான் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும் என்கிறேன். ஏழு பேரையும் சுழற்சியில் விட்டால் ஏழு பேரும் இன்னொரு சான்சிதான்.

மெல்போர்ன் கிளப்புக்கு நடந்ததை மறந்துவிட வேண்டாம். 2008இல் முதல் தேர்வு ஜாக் வாட்ஸ். 2009 ஜூனில் ராணி பிறந்தநாள் ஆட்டத்தில், காலிங்வுட்டுக்கு எதிராக, எம்சிஜியின் பெருங்கூட்டத்துக்கு நடுவே அவரை முதன்முதலாக இறக்கினார்கள். பள்ளிப் படிப்பே முடியாத பையன். பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் காலிங்வுட்காரர்கள் சூழ்ந்து அவரைப் புரட்டியெடுத்தார்கள். அன்று நான் மேல்தளத்தில் இருந்தேன். என் அணி இல்லை, இருந்தும் வயிற்றில் ஏதோ புரண்டது. அடுத்த டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளும் அவர்களுக்கே: ஸ்கல்லி, ட்ரெங்கோவ். ஸ்கல்லி இரண்டே பருவத்தில் ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) கிளப்புக்குப் போய்விட்டார். ட்ரெங்கோவை இருபது வயதில் இணைத் தலைவராக்கினார்கள். அந்தக் காலத்தில்தான் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்தப் பையன்களுக்குத் திறமையில் குறைவில்லை. ஒருவரையொருவர் தாங்க முடியாத வயதில் எல்லோரையும் சேர்த்து நிறுத்தினார்கள், அதுதான் பிழை.

நம் தலைமைப் பயிற்சியாளர் ஆடெம் யூஸ் ஹாதோர்னிலும் மெல்போர்னிலும் கோப்பை வென்ற பயிற்சியாளர் குழுக்களில் இருந்தவர். மெல்போர்னில் அவர் ஆட்டக்காரராகவும் நீண்ட காலம் இருந்தார். அந்தக் கிளப் விழுந்ததையும் எழுந்ததையும் அறிந்தவர். அதனால் அவர்மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கார்ல்டன்_குமரன்
4 டிசம்பர் 2024, இரவு 9.37

எதிரணி ரசிகன் என்றாலும் அனுமதி கொடுங்கள், மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் கதை உங்களுக்கு உதவலாம். 2015இல் கடைசி இடம். முதல் தேர்வு வைட்டரிங், 10இல் மெக்கே, 12இல் கர்னோ. மூவருமே இன்று லீக்கின் மிகச் சிறந்தவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். ஒரே இரவில் மூன்றும் சரியாக விழுந்தன. அப்படியிருந்தும் 2018இல் மீண்டும் கடைசி இடம், இறுதிச் சுற்றைக் கண்டது 2023இல்தான். எட்டு ஆண்டுகள். நடுவில் எத்தனை பயிற்சியாளர்கள் மாறினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இளம் வீரர்கள் தேறிவந்தபோது அவர்களுக்கு மேல் 26, 27, 28 வயதில் ஆள்களே இல்லை என்பதுதான் எங்களைத் தின்றது. இருபது வயதும் முப்பத்தொரு வயதும் இருந்தன, நடுவில் வெற்றிடம். உங்களிடம் டரான்டோ, ஹாப்பர், பால்டா, ஷார்ட், ராஸ் இருக்கிறார்கள். நான் ரிச்மண்ட் ரசிகனாக இருந்தால் விளாஸ்டினைவிட இந்த ஐந்து பேரைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

சம்பளப்பட்டியல்
4 டிசம்பர் 2024, இரவு 10.15

குமரன் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

டரான்டோவையும் ஹாப்பரையும் 2022இன் முடிவில் ஜிடபிள்யூஎஸிலிருந்து கொண்டுவந்தபோது இருவருக்கும் ஏழாண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். இன்னொரு கோப்பைக்கு முயலும் அணிக்காகச் செய்த பேரம் அது. அந்த அணி கலைந்துவிட்டது, ஒப்பந்தம் நிற்கிறது. பலரும் இதை வீண் செலவு என்கிறார்கள். என் பார்வையில் இந்த மறுகட்டுமானத்தின் முதுகெலும்பே இவர்கள் இருவர்தான். லேலரும் ஸ்மைலியும் 21 வயதை எட்டும்போது டரான்டோ இருப்பார். 2023இல் ஜாக் டயர் பதக்கம் வாங்கியவர், ஓயாமல் ஓடி எதிராளியை மடக்குகிறவர். அவர் உதைக்கும் பந்து எங்கே போகும் என்பது வேறு கதை.

ஹாப்பர் ஆடும் நாள்களில் நடுவட்டத்தில் நாம் வேறு அணி. ஆனால் இங்கே வந்த இரண்டு பருவத்திலும் அவர் உடல் ஒத்துழைக்கவில்லை. 2025இல் அவர் 18 ஆட்டம் ஆடினால் நாம் 5 ஆட்டம் வெல்வோம். ஆடாவிட்டால் மூன்றே அதிகம். இதுதான் என் கணிப்பு.

எம்சிஜி_நளினி
5 டிசம்பர் 2024, காலை 7.15

யாரும் தொடாத ஒரு கேள்வி: பால்டாவை எங்கே ஆட வைப்பது?

முன்வரிசையில் லிஞ்ச் கடந்த இரண்டு பருவங்களில் பெரும்பகுதி களத்துக்கு வெளியேதான் இருந்தார். 2019இல் வந்த ஆண்டே 63 கோல் அடித்த மனிதர். கால் சரியானால் இன்றும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போவார். லெஃபாவ் முழங்கால் காயத்திலிருந்து மீள வேண்டும். காஷிட்ஸ்கியை மட்டும் நம்ப முடியாது. அதனால் பால்டாவை முன்னே தள்ளும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். அவர் உதைத்தால் 60 மீட்டர் போகும், பார்க்க மகிழ்ச்சிதான்.

ஆனால் அவரைப் பின்னாலிருந்து எடுத்தால், கிப்கஸ் தயாராகும் வரை எதிரணியின் மிகப் பெரிய ஆளை யார் பிடிப்பது? மில்லர் ஒருவர்தான். ட்ரெய்னரை அந்த வேலைக்கு முதலாண்டிலேயே அனுப்பினால் வாட்ஸுக்கு நடந்ததுதான் நடக்கும். பால்டா பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் குறைகிற கோல்களை நாம் தாங்கிக்கொள்வோம்.

பாலரட்_ரவி
5 டிசம்பர் 2024, மதியம் 12.40

நளினி, ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. லிஞ்ச் ஆட முடியாத வாரத்தில் காஷிட்ஸ்கி மட்டும் நின்றால் பந்து உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வரும். அந்த வாரங்களில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு வாய்ப்பு கொடுக்கலாம். டிராகன்ஸ் இளையோர் அணியில் நல்லவர்களோடு ஆடிப் பழகியவர், காற்றில் பந்தைத் தேடிப் போகும் துணிவு இருக்கிறது.

விஎஃப்எல்லைக் குறைவாக எண்ணாதீர்கள் என்று இளம்புலிக்கும் சொல்ல வேண்டும். நமக்குச் சொந்த விஎஃப்எல் அணி இருக்கிறது. பன்ட் ரோடு மைதானத்தில் அதே ஆட்டமுறையோடுதான் ஆடுகிறார்கள். 2019இல் பிக்கெட் அங்கிருந்து எழுந்துதானே இறுதிப்போட்டியில் தன் முதல் ஏஎஃப்எல் ஆட்டத்தை ஆடினார்! ஷார்ட்டும் பேக்கரும் ரூக்கி (முதன்மைப் பட்டியலுக்கு வெளியே உள்ள புதியவர்) வரிசையில் எடுக்கப்பட்டு அங்கே காத்திருந்து மேலே வந்தவர்கள். காத்திருந்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை.

இளம்புலி
5 டிசம்பர் 2024, மாலை 5.05

சரி. எல்லோரும் கொள்கை பேசிவிட்டோம். மாறன் அண்ணா, மார்ச் 13 வியாழக்கிழமை, எம்சிஜி, கார்ல்டனுக்கு எதிராக முதல் சுற்று. உங்கள் 23 பேர் யார்? பெயரோடு எழுதுங்கள். அப்போதுதான் எனக்குச் சண்டைபோட முடியும்.

பன்ட்ரோடு_மாறன்
5 டிசம்பர் 2024, இரவு 9.50

எழுதிவிட்டேன், தம்பி. மூன்று நாள்களாக இந்த இழையில் படித்ததை வைத்து என் முதல் பட்டியலை இரண்டு இடத்தில் மாற்றியிருக்கிறேன்.

பின்வரிசை: பிராட், மில்லர், டாம் பிரவுன்
அரைப்பின்வரிசை: ஷார்ட், பால்டா, விளாஸ்டின்
நடுவரிசை: மெக்கின்டோஷ், ஹாப்பர், ரால்ஃப்ஸ்மித்
அரைமுன்வரிசை: மான்செல், காஷிட்ஸ்கி, சேத் கேம்பல்
முன்வரிசை: மொரிஸ் ரியோலி, லிஞ்ச், லேலர்
ரக் கூட்டணி (நடுவர் போடும் பந்துக்குத் தாவும் உயரமானவரும் அவரோடு ஓடுபவர்களும்): நன்கர்விஸ், டரான்டோ, பிரெஸ்டியா
மாற்று வரிசை: ராஸ், பேங்க்ஸ், சான்சி, சாம்சன் ரயன்
மாற்று ஆட்டக்காரர்: கேன் மெக்காலிஃப்

முதல் மாற்றம் சான்சி. என் பழைய பட்டியலில் அவர் இல்லை. ஆறு வாரம் ஓர் இடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இளம்புலி எழுதியது நியாயம். அந்த ஆறு வாரத்தை இப்போதே கொடுக்கலாம்.

இரண்டாவது மாற்றம் பால்டா. அவரை முன்னால் வைத்திருந்தேன். நளினியின் வாதத்துக்குப் பிறகு பின்னால் கொண்டுவந்துவிட்டேன்.

முதலாண்டுப் பையன்களில் முதல் சுற்றில் லேலர் மட்டும். உடல் தயாராக இருந்தால்தான் அவரும். ஸ்மைலி விஎஃப்எல்லில் நான்கைந்து ஆட்டம் ஆடி, பிரெஸ்டியாவுக்கு ஓய்வு தேவைப்படும்போது நடுக்களத்துக்கு வரட்டும். பிரெஸ்டியாவை எல்லா வாரமும் ஆட வைத்தால் ஜூன் மாதத்தில் அவர் இருக்கமாட்டார். மே மாதத்தில் ட்ரெய்னரை விளாஸ்டினுக்குப் பக்கத்தில் மூன்றாவது உயரமான ஆளாக, தனக்கென்று எதிராளி இல்லாத இடத்தில் விடலாம்.

சுகந்தன்_பிசியோ
5 டிசம்பர் 2024, இரவு 10.22

பட்டியல் நன்றாக இருக்கிறது. நன்கர்விஸைப் பற்றி மட்டும் ஒரு சொல். 2024இல் ரக் வேலையை ஏறக்குறைய தனி ஆளாகச் சுமந்தார். சாம்சன் ரயனை மாற்று வரிசையில் வைத்தது அதற்காகத்தான் என்றால் மகிழ்ச்சி. ரயன் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று இல்லாமல் ஒவ்வொரு கால்பகுதியிலும் மூன்றில் ஒரு பங்காவது ரக்கில் நிற்க வேண்டும்.

இளம்புலி
5 டிசம்பர் 2024, இரவு 11.08

சான்சிக்கு நன்றி, அண்ணா. மெக்கின்டோஷை இன்னும் ஏற்க முடியவில்லை. அந்த ஓர இடத்தை மெக்காலிஃபுக்கோ ஸ்டீலி கிரீனுக்கோ கொடுங்கள். கோப்பை வென்றவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஐந்து மூத்தவர்கள் பின்னாலும் நடுவிலும் ஏற்கனவே இருக்கிறார்கள். ஓரத்தில் ஓடுகிறவர் பக்கத்தில் யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, அங்கே தேவை ஓட்டம்தான்.

எம்சிஜி_நளினி
6 டிசம்பர் 2024, காலை 7.05

இதில் இளம்புலி சொல்வதுதான் சரி, மாறன். உங்கள் கொள்கைப்படியே சரி.

பன்ட்ரோடு_மாறன்
6 டிசம்பர் 2024, காலை 8.30

இரவு முழுவதும் யோசித்தேன். டெலிடியோ நினைவுக்கு வந்தார். 2004இல் முதல் தேர்வாக வந்து 243 ஆட்டம் ஆடினார். இரண்டு ஜாக் டயர் பதக்கம் பெற்றார். 2016 முடிவில் ஜிடபிள்யூஎஸுக்குப் போனார். 2017இல் நாம் கோப்பையைத் தூக்கினோம். 2019இல் ஜிடபிள்யூஎஸை 89 புள்ளிகளில் வென்றபோது அந்த அணியிலும் அவர் களத்தில் இல்லை. தன் மிகச் சிறந்த ஆண்டுகளையெல்லாம் நமக்குக் கொடுத்தவருக்கு ஒரு கோப்பை ஆட்டமும் கிடைக்கவில்லை. இந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மெக்காலிஃப் ஓரத்தில் தொடங்கட்டும். மெக்கின்டோஷ் மாற்று ஆட்டக்காரர். மாற்றிவிட்டேன்.

பாலரட்_ரவி
6 டிசம்பர் 2024, காலை 9.12

மார்ச் 13க்கு பாலரட்டிலிருந்து மதிய ரயிலில் வருகிறேன். பன்ட் ரோடு பக்கத்து வாசலில் யார் யார் இருப்பீர்கள்?

இளம்புலி
6 டிசம்பர் 2024, காலை 9.15

நான் இருப்பேன். கண்ணன் அண்ணா, நீங்களும் வாருங்கள்.

புது_உறுப்பினர்_கண்ணன்
6 டிசம்பர் 2024, மதியம் 12.50

உறுப்பினர் அட்டைக்கு இப்போதுதான் பணம் கட்டினேன். வருகிறேன்.